பிறை போட்ட விசை

புளியரைச் சோதனைச் சாவடிக்கு இருநூறடி முன்னால்
எங்கள் லாரி புக்கிங் ஆபீஸ்.
மலைக்கு அந்தப் பக்கம் மழை.
இந்தப் பக்கம் சாரல் மட்டும், அதுவும்
பிரிண்டரை நனைக்கிற அளவுக்கு.

முதலாளி குற்றாலிங்கம் தென்காசியில்
தள்ளுபடிக்கு வாங்கி வந்த கீபோர்டில்
யாரும் கேட்காத விசைகள் சில அதிகம்:
ஒரு கடித உறை, ஒரு வீடு, ஒரு கால்குலேட்டர்,
வலது மூலையில் ஒரு பிறை.

பிறையில் விரல் பட்டால் கம்ப்யூட்டர் தூங்கிவிடும்,
பாதி அடித்த சீட்டோடு.
வெளியே நூற்றிப்பத்துக் கட்டு வைக்கோல்
இன்ஜினை அணைக்காமல் நிற்கும்.
"என்ன குளலு, மறுபடியும் ஒறங்கிட்டா?" என்பார்,
கேட்பது என்னையா அதையா
எனக்குத் தெரிந்ததில்லை.

என் பெயர் குழல்வாய்மொழி.
குற்றாலத்து அம்மனின் பெயரைச் சுருக்க
யாருக்கும் தைரியமில்லை.
எனக்குத்தான் குளலு, மொளி, ஏ பிள்ள.

ஆரியங்காவுக்கு மேலே மண் சரிந்து
ஒரு லாரியும் வராத ஆடி ராத்திரி
செட்டிங்ஸுக்குள் இறங்கினேன்.
பவர், அதற்குள் மேலும் சில, அதற்குள் பொத்தான்கள்;
கிணற்றுக்குள் கிணறு.
அடியில் ஒரு கேள்வி கிடந்தது:
உறக்க விசையை அழுத்தினால் என்ன செய்யட்டும்?
தூங்கு. அணைந்துவிடு. எதுவும் செய்யாதே.
மூன்றாவதைத் தொட்டேன்.
இத்தனை மரியாதையாக
என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை.

அதோடு விட்டிருக்கலாம்.
விசைகள் சும்மா இருப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

அழுத்தினால் அந்த விசையின் எண்ணைச் சொல்லும்
சின்னப் புரோகிராம் ஒன்று கிடைத்தது.
பிறை சொன்னது: ஒன்று, ஐந்து, எஃப்.
கடித உறை எத்தனை அமுக்கியும் பேசவில்லை,
வாங்கும்போதே செத்தது.
இந்த எண் விழுந்தால் இந்தச் சொல்லை இடு என்று
நோட்பேடில் எழுதத் தொடங்கினேன்.
கால்குலேட்டருக்குக் கோழித்தீவனம், ஐம்பது கிலோ மூட்டை.
வீட்டுக்குப் புனலூர்.
கேப்ஸ் லாக்கை அமுக்கினால் தமிழ், அமுக்கினால் மலையாளம்.
ஒரு வரியை நிறுத்தச் சொல்ல மறந்ததில்
புனலூர் புனலூர் புனலூர் என்று
திரை தாண்டி ஓடியது;
ஒயரைப் பிடுங்கித்தான் நிறுத்தினேன்.

ஒருநாள் முதலாளி வாடகை கூட்டக்
கால்குலேட்டரைத் தட்டினார், வந்தது கோழித்தீவனம்.
மறுபடி தட்டினார், மறுபடி கோழித்தீவனம்.
மானிட்டர் மேல் அவர் வைத்த எலுமிச்சம்பழம்
இன்னும் காய்ந்துகொண்டிருக்கிறது.

பிறைக்கு மட்டும் ரொம்ப நாள்
வேலை கொடுக்கவில்லை.

சீட்டின் அடியில் 'தயாரித்தவர்' என்று ஒரு கோடு.
ஆறு வருஷமாகக் காலி.
ஒரு சாயங்காலம், டீ வருவதற்குள்,
பிறையை அந்தக் கோட்டில் கட்டினேன்.

சுண்டுவிரலில் ஒரு தட்டு,
ஏழு எழுத்தும் ஒரே மூச்சில்.
வைக்கோலோடு, முட்டையோடு,
சுரண்டைக் கத்தரிக்காயோடு
ஒரு நாளைக்கு இருபது தடவை எல்லை தாண்டுகிறது.
நான் ஆரியங்காவைத் தாண்டிப் போனதில்லை.

நேற்று தங்கச்சன், பஸ் போர்டில் கற்ற தமிழில்
சீட்டை எழுத்துக் கூட்டினான்:
"கு... ழல்... வாய்... மொழி. இதாரா?"
இரண்டு ழ-வும் நாக்கு மடிந்து
அச்சாக விழுந்தன.
"ஏதோ கம்பெனி பேரு," என்றார் முதலாளி.
நான் அடுத்த லாரியின் நம்பரைக் கேட்டேன்.

ஸ்கிரிப்டில் அரைப்புள்ளியோடு தொடங்கும் வரியைக்
கம்ப்யூட்டர் வாசிக்காமல் தாண்டிப் போகும்.
அப்படி இரண்டு வரி போட்டு வைத்திருக்கிறேன்,
எனக்குப் பின் இந்த நாற்காலிக்கு வருகிறவளுக்கு:

; பிறையில் என் பேரை எடுத்துட்டு உன் பேரைப் போடு. முழுப் பேரு.
; கடித உறை வேலை செய்யாது, மெனக்கெடாதே.